ஊக்கப் போதை: பாதிப்பும் மீட்சியும்

போதைப் பழக்கம் என்றதும் நம் மக்கள் மனத்தில் எழும் உருவம் தள்ளாடுகிறவர், மயங்கிக் கிடக்கிறவர் என்பதுதான். மதுவும் ஹெராயினும் தந்த உருவம் அது. இன்று தமிழ்ப் பகுதிகளில் பரவிவரும் மெத்தம்பெட்டமைன் அந்த உருவத்துக்குள் அடங்காது. சென்னையில் 'மெத்' என்றும் யாழ்ப்பாணத்தில் 'ஐஸ்' என்றும் மலேசியாவில் 'சியாபு' என்றும் அழைக்கப்படும் இந்தப் பொருளை எடுத்தவர் தள்ளாடுவதில்லை. விழித்திருக்கிறார், நிறுத்தாமல் பேசுகிறார், பசியில்லை என்கிறார், இரண்டு மூன்று நாள் தூங்காமல் வேலை செய்கிறார். பிள்ளை சுறுசுறுப்பாகிவிட்டான் என்று வீட்டார் மகிழ்வதும் உண்டு. உண்மை தெரியவரும்போது பாதிப்பு வெகுதூரம் போயிருக்கும்.

கோகெய்ன், ஆம்பெட்டமைன், மெத்தம்பெட்டமைன், எக்ஸ்டசி, மெஃபெட்ரோன் ஆகிய ஊக்கப் போதைப்பொருள்கள் உடலையும் மனத்தையும் என்ன செய்கின்றன, சிகிச்சை இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தொகுத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். மதுவுக்கும் ஹெராயினுக்கும் உருவான சிகிச்சை முறைகளை இதற்கு அப்படியே பொருத்த முடியாது. அந்த வேறுபாடு தெரியாததால் எத்தனையோ குடும்பங்கள் பணத்தையும் நம்பிக்கையையும் இழக்கின்றன.

மருந்தாக வந்தவை

கோகா இலையிலிருந்து கோகெய்னைத் தனியே பிரித்து 1860இல் அதற்குப் பெயரிட்டவர் ஜெர்மன் வேதியியலர் ஆல்பர்ட் நீமான். 1884இல் கார்ல் கோலர் அதைக் கண் அறுவைக்கு உணர்வு மரத்துப்போகச் செய்யும் மருந்தாகப் பயன்படுத்திக் காட்டினார். அதே ஆண்டில் சிக்மண்ட் ஃபிராய்டு கோகெய்னைப் புகழ்ந்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஆம்பெட்டமைனை 1887இல் ருமேனியரான லாசர் எடலியானு உருவாக்கினார். எஃபெட்ரின் என்ற தாவரச் சத்திலிருந்து மெத்தம்பெட்டமைனை 1893இல் ஜப்பானிய அறிஞர் நாகாய் நாகயோஷி தயாரித்தார். 1919இல் அகிரா ஒகாட்டா அதைப் படிக வடிவில் தந்தார். இன்று 'ஐஸ்' என விற்கப்படுவது அந்தப் படிகம்தான்.

1938இல் ஜெர்மனியில் 'பெர்விட்டின்' என்ற பெயரில் மெத்தம்பெட்டமைன் மாத்திரை விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப்போரில் படைவீரர்கள் தூங்காமல் போரிட அது விநியோகிக்கப்பட்டது. ஜப்பானிலும் 'ஹிரோபோன்' என்ற பெயரில் இதே மருந்து படையினருக்கும் தொழிலாளர்களுக்கும் தரப்பட்டது. போர் முடிந்ததும் மிஞ்சிய சரக்கு சந்தைக்கு வந்து, ஜப்பானில் பெருந்தொற்றுப் போலப் பழக்கம் பரவியது. 1951இல் தனிச்சட்டம் இயற்றித்தான் அந்நாடு அதை அடக்க வேண்டியிருந்தது. இவற்றில் பல முதலில் மருந்தாகப் போற்றப்பட்டன. கேடு பிறகே புரிந்தது.

இந்த இனத்தைச் சேர்ந்த சில மருந்துகள் இன்றும் மருத்துவத்தில் உரிய இடத்தில் இருக்கின்றன. கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு மெத்தில்ஃபெனிடேட் நல்ல பயன் தருகிறது. மருத்துவர் அளவிட்டுக் கொடுத்து, கண்காணித்து வரும் மருந்தைக் கண்டு பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை.

பரவலின் அளவு

ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத்தடுப்பு அலுவலகம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகில் ஏறத்தாழ 3 கோடிப் பேர் ஆம்பெட்டமைன் வகைகளையும், 2.3 கோடிப் பேர் கோகெய்னையும், 2 கோடிப் பேர் எக்ஸ்டசியையும் பயன்படுத்தினர். இந்தியாவில் சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வு, 10 முதல் 75 வயதுவரை உள்ளோரில் 0.18 விழுக்காட்டினர் ஆம்பெட்டமைன் வகைகளையும் 0.10 விழுக்காட்டினர் கோகெய்னையும் பயன்படுத்துவதாகக் கணித்தது. சதவீதம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் 0.18 விழுக்காடு என்பது சுமார் 19 லட்சம் மனிதர்கள்.

ஆசியாவுக்கான மெத்தம்பெட்டமைனில் பெரும்பகுதி மியான்மரின் ஷான் மாநிலத்தில் தயாராகிறது. அங்கிருந்து கடல்வழி நமக்குத் தொலைவில்லை. 2024 நவம்பரில் அந்தமானில் பாரன் தீவுக்கு அருகே இந்தியக் கடலோரக் காவல்படை ஒரு மீன்பிடிப் படகிலிருந்து சுமார் 6,000 கிலோ மெத்தம்பெட்டமைனைக் கைப்பற்றியது. இலங்கையில் 'ஐஸ்' பரவியதைக் கண்டு, 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 5 கிராமுக்கு மேல் வைத்திருந்தாலே மரண தண்டனை விதிக்க வகைசெய்யப்பட்டது.

இங்கே பொதுமக்கள் குழப்பிக்கொள்ளும் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 'போதை மாத்திரை', 'போதை ஊசி' என்று பிடிபடுபவற்றில் கணிசமானவை டேபென்டடால் போன்ற வலிநிவாரணிகள். அவை ஹெராயின் இனத்தைச் சேர்ந்த ஓபியாய்டுகள். அவற்றிலிருந்து மீள்வதற்கு பியூப்ரினார்ஃபின் போன்ற பயனுள்ள மருந்துகள் உண்டு. மறுபுறம், உடற்பயிற்சிக் கூடங்களில் களைப்புத் தெரியாமலிருக்கச் சில இளைஞர்கள் போட்டுக்கொள்ளும் மெஃபென்டர்மின் ஊசி ஊக்கப் போதை இனத்தைச் சேர்ந்தது. மயக்க மருந்து தரும்போது தாழும் ரத்த அழுத்தத்தை உயர்த்தப் பயன்படும் மருந்து அது. எது எடுக்கப்பட்டது என்று தெரிந்தால்தான் சிகிச்சை சரியாக அமையும்.

மூளையில் நடப்பது

நமக்குப் பிடித்த ஒன்று கிடைக்கும்போது மூளையின் சில நரம்புமுனைகள் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. வேலை முடிந்ததும் அதை மீண்டும் உள்ளிழுத்துக்கொள்கின்றன. கோகெய்ன் இந்த உள்ளிழுக்கும் வாயிலை அடைத்துவிடுகிறது. மெத்தம்பெட்டமைன் ஒரு படி மேலே போகிறது: நரம்பு செல்லுக்குள் புகுந்து, சேமிப்பிலுள்ள டோபமினைக் கொட்டவைத்து, உள்ளிழுக்கும் வாயில் வழியாகவே அதை வெளியே தள்ளுகிறது. இயற்கையான எந்த இன்பமும் தராத அளவுக்கு டோபமின் பெருகுகிறது.

கோகெய்னின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஆகும்; மெத்தம்பெட்டமைனுக்கு 10 முதல் 12 மணிநேரம். அதனால்தான் கோகெய்ன் எடுப்பவர் ஒரே இரவில் பலமுறை எடுக்கிறார். மெத் எடுப்பவர் நாள்கணக்கில் விழித்திருக்கிறார். புகைத்தாலோ ஊசியில் ஏற்றினாலோ சில நொடிகளில் மூளையை எட்டும். எவ்வளவு விரைவாக எட்டுகிறதோ அவ்வளவு விரைவாகப் பழக்கம் பற்றிக்கொள்ளும்.

இரவு பகலாக இறைத்த ஆழ்துளைக் கிணற்றில் நிலத்தடி நீர் இறங்கிப்போய், ஒரு மழைக்கு ஏறாமலிருப்பது போன்ற நிலைக்கு மூளை வந்துவிடுகிறது. டோபமினை ஏற்கும் வாங்கிகள் குறைகின்றன. பிடித்த சாப்பாடு, பாட்டு, குழந்தையின் சிரிப்பு எதுவும் மனத்தைத் தொடுவதில்லை. முடிவெடுப்பதையும் தன்னை அடக்கிக்கொள்வதையும் கவனிக்கும் முன்மூளையின் வலுவும் குறைகிறது. "வேண்டாம் என்று நினைத்தாலும் கை போகிறது" என்று இவர்கள் சொல்வதில் பொய்யில்லை.

இந்தச் சேதத்தில் ஒரு பகுதி திரும்பச் சரியாகிறது என்பது ஆறுதலான செய்தி. அமெரிக்காவில் நோரா வோல்கோவ் குழுவினர் 2001இல் வெளியிட்ட மூளைப்பட ஆய்வில், மெத்தம்பெட்டமைனை நிறுத்தி 12 முதல் 17 மாதங்கள் கடந்தவர்களிடம் டோபமினை உள்ளிழுக்கும் அமைப்புகள் குறிப்பிடத்தக்க அளவு மீண்டிருந்தன. ஆனால் நினைவாற்றல், உடலியக்கச் சோதனைகளில் அதே அளவு முன்னேற்றம் தெரியவில்லை. மூளை மீள்கிறது, அதற்கு ஓராண்டுக்கு மேல் தேவைப்படுகிறது. சிகிச்சை பற்றிய எந்தத் திட்டமும் இந்த உண்மையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

உடல் கொடுக்கும் விலை

இறப்புக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இதயப் பாதிப்பு. ஊக்கப் போதைப்பொருள்கள் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றி, அதே நேரத்தில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களைச் சுருக்குகின்றன. தேவை கூடும்போது வரத்து குறைகிறது. 1999இல் வெளியான ஓர் ஆய்வு, கோகெய்ன் எடுத்த முதல் ஒரு மணிநேரத்தில் மாரடைப்புக்கான அபாயம் 24 மடங்கு உயர்வதாகக் கண்டது. நெஞ்சுவலியோடு வருபவர் இருபத்தைந்து வயதுக்காரராக இருந்தாலும் அதை வாயுப் பிடிப்பு என்று ஒதுக்கக்கூடாது. இதயத் துடிப்புத் தாளம் தவறுதல், மூளையில் ரத்தக்கசிவு, பெருந்தமனியின் சுவர் கிழிதல் ஆகியவையும் நேர்கின்றன. நீண்டகாலம் மெத்தம்பெட்டமைன் எடுப்பவர்களுக்கு இதயத் தசை பலவீனமாகி விரிந்துவிடுகிறது. நிறுத்தினால் இதில் ஓரளவு சரியாகவும் கூடும்.

கோகெய்னோடு மதுவும் சேர்ந்தால் கல்லீரலில் கோக்கேத்திலீன் என்ற புதிய பொருள் உருவாகிறது. அது உடலில் நீண்டநேரம் தங்கி இதயத்தை மேலும் தாக்குகிறது. இரண்டையும் சேர்த்து எடுப்பது வழக்கமாகிவிட்ட விருந்துகளில் இந்த அபாயம் பலருக்குத் தெரிவதில்லை.

அடுத்த பெரும் ஆபத்து உடல் சூடு. எக்ஸ்டசியோ மெத்தம்பெட்டமைனோ எடுத்துவிட்டு நெரிசலில் மணிக்கணக்காக ஆடும்போது உடலின் வெப்பக் கட்டுப்பாடு குலைந்து 40 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். தசைகள் சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும்; வலிப்பும் வரும்.

பற்களைப் பார்த்தே நீண்டகாலப் பழக்கத்தை மருத்துவர்கள் ஊகிப்பதுண்டு. எச்சில் வறண்டு, பற்களை இடைவிடாமல் நறநறவென்று கடித்து, தாகத்துக்குச் சர்க்கரைப் பானங்களைக் குடித்து, பல் துலக்காமல் விடுவதால் பற்கள் சொத்தையாகி உதிர்கின்றன. தோலுக்கடியில் பூச்சி ஊர்வதாகத் தோன்றிச் சொறிந்ததில் புண்கள் ஏற்படுகின்றன. மூக்கில் உறிஞ்சும் கோகெய்ன் மூக்கின் நடுச்சுவரை ஓட்டையாக்குகிறது. ஊசியைப் பகிர்பவர்களுக்கு எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் தொற்றுகின்றன. கர்ப்பிணிகளுக்கு நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிதல், குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகிய அபாயங்கள் உண்டு.

மனம் தடம் மாறுதல்

1958இல் லண்டன் மனநல மருத்துவர் ஃபிலிப் கானல், ஆம்பெட்டமைனால் மனச்சிதைவு நிலைக்குப் போன 42 நோயாளிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் மறையக்கூடிய, ஆனால் மனச்சிதைவு நோயைப் போலவே தோன்றும் ஒரு நிலை இருப்பதை அந்நூல் நிலைநாட்டியது. மெத்தம்பெட்டமைன் பழக்கத்துக்கு ஆட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்நிலை எப்போதாவது வருகிறது என்று பின்னாளைய தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன.

யாரோ பின்தொடர்கிறார்கள், போனை ஒட்டுக் கேட்கிறார்கள், மனைவி துரோகம் செய்கிறாள் என்ற அசைக்க முடியாத சந்தேகங்கள் முதலில் வரும். பிறகு காதில் குரல்கள் கேட்கும். தூக்கமின்மை இதை மேலும் கடுமையாக்கும். வீட்டில் வன்முறை வெடிப்பதும் இந்தக் கட்டத்தில்தான். பெரும்பாலோருக்குச் சில நாள் முதல் சில வாரங்களுக்குள் தெளிந்துவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். ஒருமுறை வந்தவருக்குப் பிறகு சிறிதளவு எடுத்தாலே திரும்ப வரலாம்.

திடீரென்று சந்தேகமும் பயமுமாக மாறிய இளைஞரை மருத்துவரிடம் அழைத்துப்போகும் குடும்பத்தார் போதைப் பழக்கம் பற்றித் தெரிந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். மானம் கருதி மறைத்தால், தேவையற்ற மருந்துகளை ஆண்டுக்கணக்கில் விழுங்கவும் காரணமான பழக்கம் தொடரவும் நேரும்.

முதல் சில மணிநேரங்கள்

ஊக்கப் போதை மிகையாகிவிட்டால் அதை முறிக்கும் மாற்று மருந்து எதுவும் கிடையாது. ஓபியாய்டு மயக்கத்தைத் தெளிவிக்கும் நலாக்ஸோன் இதில் வேலை செய்யாது. ஆனால் உயிரைக் காப்பாற்றும் வழிகள் தெளிவாக உள்ளன. கடும் பதற்றம், கொதிக்கும் உடல், நெஞ்சுவலி, வலிப்பு இவற்றில் எது இருந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை வெளிச்சமும் சத்தமும் குறைந்த இடத்தில், தாழ்ந்த குரலில் பேசி அமைதிப்படுத்த வேண்டும். ஈரத்துணியால் உடலைக் குளிர்விக்கலாம். நான்கைந்து பேர் அமுக்கிப் பிடித்துக் கட்டிப்போட்டால் அவர் திமிறத் திமிற உடல்சூடு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவமனையில் லோரசிபாம், டயசிபாம் போன்ற மருந்துகளால் பதற்றத்தைத் தணிப்பதும், உடலைக் குளிர்விப்பதும், திரவம் ஏற்றுவதும், இ.சி.ஜி. பார்ப்பதும் முதல் சிகிச்சை. பிரமை கட்டுக்கடங்காமல் இருந்தால் மனச்சிதைவுக்கான மருந்துகள் குறுகிய காலம் தரப்படும்.

நிறுத்திய பின்

மதுவைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வந்து உயிர் போகலாம். ஊக்கப் போதையில் அப்படியில்லை. நிறுத்தியவர் முதல் சில நாள் அடித்துப்போட்டாற்போல் தூங்குவார், நிறையச் சாப்பிடுவார், எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பார். இந்தச் சோர்வில் தற்கொலை எண்ணம் வரக்கூடும் என்பதுதான் பேரபாயம். அந்த நாட்களில் அவரைத் தனியே விடக்கூடாது.

இரண்டு மூன்று வாரங்களில் முகம் தெளிந்துவிடும். குடும்பம் நிம்மதியடையும், மையத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மூளை இன்னும் மீளத் தொடங்கியிருக்காது. பழைய நண்பன், பழைய தெரு, கையில் சம்பளம் எதுவாயினும் அடக்க முடியாத ஏக்கத்தைத் தூண்டிவிடும். இந்த ஏக்கம் மாதக்கணக்கில் வந்துபோகும். திரும்பவும் எடுப்பவர்களில் பலர் வழுக்குவது இந்த முதல் மாதங்களில்தான்.

பயன் தரும் சிகிச்சைகள்

ஊக்கப் போதைப் பழக்கத்துக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அங்கீகரித்த மாத்திரை இதுவரை ஒன்றுகூட இல்லை. 'ஒரே ஊசியில் போதையை மறக்கடிக்கிறோம்' என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம். பலன் நிரூபிக்கப்பட்டவை பெரும்பாலும் உளவியல் சார்ந்த சிகிச்சைகள்தாம்.

அவற்றில் முன்னணியில் இருப்பது ஊக்கப்பரிசு முறை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சிறுநீர்ச் சோதனை நடக்கும். போதைப்பொருள் இல்லை என்று தெரிந்தால் அப்போதே ஒரு கூப்பன் தரப்படும். தொடர்ந்து விலகியிருந்தால் அதன் மதிப்பு கூடிக்கொண்டே போகும்; தவறினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் குழுவினர் கோகெய்ன் பழக்கமுள்ளவர்களிடம் இதைச் சோதித்து 1994இல் வெளியிட்ட முடிவில், கூப்பன் பெற்ற குழுவில் 75 விழுக்காட்டினர் 24 வாரச் சிகிச்சையை முடித்தனர்; பெறாத குழுவில் 40 விழுக்காட்டினரே முடித்தனர். 50 ஆய்வுகளில் பங்கேற்ற 6,943 பேரின் விவரங்களைச் சேர்த்து 2018இல் வெளியான தொகுப்பாய்வும், ஊக்கப்பரிசோடு குடும்பம், வேலை, பொழுதுபோக்கு ஆகியவற்றைச் சீரமைக்கும் சமூக வலுவூட்டல் முறையைச் சேர்த்துத் தருவதே மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடச் சிறந்தது என்று கண்டது.

போதை எடுக்காமலிருக்கப் பரிசா என்று நம்மில் பலருக்குக் கோபம் வரும். தள்ளிக் கிடைக்கும் நன்மையை மதிப்பிடும் திறனை இந்நோய் குலைத்திருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. ஆறு மாதம் கழித்து வாழ்க்கை சீராகும் என்ற உறுதிமொழி அந்த மூளைக்கு எட்டாது. இன்று கையில் கிடைப்பது எட்டும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகள் 2011 முதல் இம்முறையைப் பின்பற்றுகின்றன. பரிசு நின்றதும் பலன் சிலரிடம் தேய்கிறது என்ற குறை உண்மையானது. அதனால்தான் இதைப் பிற சிகிச்சைகளோடு இணைக்க வேண்டியிருக்கிறது.

அறிதிறன் நடத்தைச் சிகிச்சை, ஏக்கத்தைத் தூண்டும் சூழல்களை அடையாளம் கண்டு தவிர்க்கவும் சமாளிக்கவும் பழக்குகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் உருவான மேட்ரிக்ஸ் முறை தனிநபர் ஆலோசனை, குழுக் கூட்டம், குடும்பத்தாருக்கான வகுப்பு, சிறுநீர்ச் சோதனை ஆகியவற்றை 16 வாரம் இணைத்து நடத்துகிறது. இதற்கு வெளிநோயாளியாக வந்துபோனாலே போதும்.

மருந்துகளிலும் நம்பிக்கைக் கீற்றுகள் தெரிகின்றன. நால்ட்ரெக்ஸோன் ஊசியையும் பியூப்ரோபியோன் மாத்திரையையும் சேர்த்து மெத்தம்பெட்டமைன் பழக்கமுள்ள 403 பேரிடம் நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. மருந்து பெற்றவர்களில் 13.6 விழுக்காட்டினரிடமும் வெற்று மருந்து பெற்றவர்களில் 2.5 விழுக்காட்டினரிடமும் பலன் காணப்பட்டது. வேறுபாடு உண்மையானது, அளவு சிறியது. மனச்சோர்வு மருந்தான மிர்டசபினும் சில ஆய்வுகளில் பயன்பாட்டைக் குறைத்தது. கூடவே இருக்கும் மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை ஆகியவற்றுக்கு முறையாக மருந்து தருவதும் மீட்சியின் பகுதியே.

நாம் செய்யவேண்டியது

சட்டம் பலர் நினைப்பதைவிட இடம் தருகிறது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிதளவு வைத்திருந்த குற்றத்துக்கோ உள்ளானவர் தாமாக முன்வந்து, அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிகிச்சையை முடிக்காவிட்டால் விலக்கு போய்விடலாம். போலீஸ் வரும் என்ற பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் இதை அறிய வேண்டும்.

மறுவாழ்வு மையத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவில்லாத சில இடங்களில் அடித்து உதைத்ததும் உயிர்போனதும் செய்திகளாக வந்துள்ளன. பூட்டிவைப்பதற்கு எந்த மருத்துவ ஆதாரமும் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் சிகிச்சை இலவசம். தமிழக அரசு 2025இல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. இந்தியாவில் 14446, டெலி-மானஸ் மனநல உதவிச் சேவையின் 14416, இலங்கையில் 1927 ஆகிய எண்களில் ஆலோசனை கிடைக்கும்.

அரசுகளுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. பிடிபட்ட கிலோக்களின் கணக்கு நாள்தோறும் வெளியாகிறது. எத்தனை பேர் ஓராண்டு சிகிச்சையில் நிலைத்தார்கள் என்ற கணக்கும் அதேபோல் வெளியாக வேண்டும். ஊக்கப்பரிசு முறையை நம் மருத்துவமனைகளில் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. சோதனைக் கீற்றும் சிறு தொகையும் பயிற்சி பெற்ற ஆலோசகரும் போதும். ஒரு மாதம் உள்ளே வைத்து அனுப்பிவிடும் முறையைக் கைவிட்டு, வீடு திரும்பிய பின் குறைந்தது 12 மாதம் வாரந்தோறும் சந்திக்கும் ஏற்பாடு வேண்டும்.

குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நடுவில் ஒருமுறை வழுக்கினால் எல்லாம் போயிற்று என்று கைவிட்டுவிடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் திரும்ப அழைத்துப்போங்கள். மூளை மீள ஓராண்டுக்கு மேல் ஆகும் என்று அறிவியல் சொல்கிறது. அந்த ஓராண்டை நாமும் அவருக்குத் தரவேண்டும்.